சும்மா போட்டுப் பார்த்தது

சுதர்ஷினியின் வீட்டு முன்னறையில் எப்போதும் ஒரு பள்ளிக்கூடம் தொங்கிக் கொண்டிருக்கும். தலைகள் இல்லாத பள்ளிக்கூடம். வெள்ளைக் கவுன்கள், நீலக் காற்சட்டைகள், அயல்வீட்டு ஹமீமாவின் மகளுக்கான முழுக்கைச் சட்டை. சுதர்ஷினியின் அம்மா ராசம்மா அன்ரி மாத்தளை நகரத்தில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், சீருடை தைப்பவர். அளவு கொடுக்க வருகிறவர்கள், தைத்ததை வாங்க வருகிறவர்கள், ஒன்றுக்கும் இல்லாமல் வருகிறவர்கள் என்று அங்கே எந்நேரமும் ஆள் இருக்கும். ஒழுங்கையின் எந்தச் செய்தியும் அந்த அறையில் ஒரு தடவை உட்கார்ந்து எழும்பாமல் அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. அந்த அறைக்கும் சுதர்ஷினியின் மேசைக்கும் நடுவில் இருந்தது ஒரு பூப்போட்ட திரைச்சீலை.

அந்தத் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு அவள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது நிபந்தனை.

பேராதனையில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்தவள் அவள். முதல் வகுப்பு. அதன் பிறகு இரண்டு வருடமாக உயர்தரப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்தது மூடுபனி. ரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி ரிவர்ஸ்டன் மலைக்குப் போவாள். பனி இறங்கும் இடத்தில் ஒரு சிறிய விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, அதைச் சுற்றித் தெரியும் நிற வளையங்களைத் தொலைபேசியில் படம் பிடிப்பாள். துளிகள் சிறிதென்றால் வளையம் பெரிது, துளிகள் பெரிதென்றால் வளையம் சிறிது. வளையத்தை அளந்தால் கண்ணுக்குத் தெரியாத துளியின் அளவு கையில் வந்துவிடும். கணவாய்க் காற்று அடிக்கும் ஒரு வளைவில் துளிகள் பாடநூல் சொல்வதை விட வேகமாகப் பருக்கின்றன என்று அவளுடைய படங்கள் சொல்லின. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. படங்கள் பிழையா, பாடநூல் பிழையா என்றும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவளுக்கு அமெரிக்கா.

இதில் நான் எப்படி வந்தேன் என்றால், நான் ஆறு வருடம் அங்குமிங்கும் அலைந்துவிட்டு அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். நேபாளத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவியதும், போர்த்துக்கலில் திராட்சை பறித்ததும், ஜோர்ஜியாவில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததும் எங்கள் ஒழுங்கைக்கு ஒன்றுதான். வெளிநாடு. அங்கே இருந்தவளுக்கு அங்கத்தைய அலுவல்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"வாகினி புள்ள, நீங்கதானே வெளிநாடெல்லாம் பாத்தவங்க. இவளுக்கு கொஞ்சம் காட்டிக் குடுங்க" என்றார் ராசம்மா அன்ரி.

"அன்ரி, நான் அமெரிக்காப் பக்கமே போகேல்ல. விஞ்ஞானம் எனக்கு ஓ.எல் சோதினையோட முடிஞ்சுது."

"அதனால என்னா? ஏரோப்பிளேன்ல ஏறியிருக்கீங்கதானே."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன்" என்று குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் மூச்சு விடக் கூடாது. உங்க அம்மாவுக்கும் சொல்லாதீங்க. சொன்னா தட்டிப் போயிரும். கஜேனுக்கு நடந்தது தெரியுந்தானே?"

கஜேந்திரன் சுதர்ஷினியின் அண்ணன். நான் ஊரில் இல்லாத காலத்தில் நடந்தது என்றாலும் எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ருமேனியாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். சந்திப் பையன்கள் அவனுடைய படத்தையும் ஒரு விமானத்தின் படத்தையும் சேர்த்துப் பெரிய பேனர் அடித்துக் கட்டினார்கள். கோயிலில் அர்ச்சனை, வீட்டில் புரியாணி. வான் பிடித்துக் குடும்பமே கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போனது. அங்கே போய்ப் பார்த்தால் அவனுடைய டிக்கெட் டிக்கெட்டே இல்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசி வேலை செய்யவில்லை. போன வான் அதே ஆட்களோடு, கழுத்தில் போட்ட அதே மாலையோடு திரும்பி வந்தது. பேனரைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை, ராசம்மா அன்ரிதான் ஏணி வைத்து ஏறிக் கழற்றினார். அதன் பிறகு ஒரு வருடம் கஜேந்திரனுக்கு ஊரில் 'ருமேனியா' என்றுதான் பெயர்.

அன்ரியின் கணக்கில் அது ஏஜென்சிக்காரனின் வேலை அல்ல. கண்ணூறு. அத்தனை பேருக்குச் சொன்னதால் பட்ட கண். ஆகவே இந்த முறை ஒருவருக்கும் சொல்வதில்லை, கஜேந்திரனுக்கும் கூடச் சொல்வதில்லை என்று தாயும் மகளும் முடிவு செய்திருந்தார்கள். அவனுக்குச் சொல்லாததற்குக் காரணம் கண்ணல்ல, அவன் மனம் நோகக் கூடாது என்பது.

நானும் சுதர்ஷினியும் அந்த மேசையில் உட்கார்ந்து குழம்பிய குழப்பத்தை என்னவென்று சொல்வது? ஒரு பல்கலைக்கழகம் கேட்டதை அடுத்தது கேட்கவில்லை. ஒன்று அவளுடைய இனம் என்னவென்று கேட்டு, ஐந்து பெட்டிகளைக் காட்டியது. எந்தப் பெட்டியிலும் மாத்தளை இல்லை. இன்னொன்று, பௌதிகவியல் பரீட்சை ஒன்று இருக்கிறது, விருப்பம் இருந்தால் எழுதலாம் என்றது.

"விருப்பம் இருந்தா எழுதலாம்னு போட்டிருக்கு. அப்ப எழுதணுமாக்கா?"

"விருப்பம் இருந்தால் எண்டுதானே கிடக்கு. விருப்பம் இல்லாட்டி விடு."

"அப்டி இல்லக்கா. எங்க ஸ்கூல்ல, விரும்புறவங்க ஸ்கூல் துப்பரவாக்குற சிரமதானத்துக்கு வரலாம்னு பிரின்சிபல் சொல்லுவாங்க. வராதவங்க பேர மறுநாள் காலைக் கூட்டத்துல வாசிப்பாங்க."

நானும் யோசித்தேன். அமெரிக்காக்காரர்கள் சிரமதான மாதிரி விருப்பத்தைச் சொல்கிறார்களா, நிஜ விருப்பத்தைச் சொல்கிறார்களா? ஆறு வருட அலைச்சலில் எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அவள் கொழும்புக்குப் போய்ப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தாள். ஒழுங்கையில் கேட்டவர்களுக்கு, பல்லுக் கட்டப் போனதாகச் சொன்னாள்.

பரிந்துரைக்க மூன்று பேர் வேண்டும் என்றபோது பெரிய தகராறு வந்தது. மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும். ராசம்மா அன்ரி இரண்டு பேர் போதாதா என்று பேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் பேராதனை விரிவுரையாளர் ஒருவரிடம் சுதர்ஷினி கேட்கப் போனபோது, "சேர், இத யாருக்கும் சொல்லிராதீங்க" என்றாளாம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் பல்கலைக்கழகத்துக்காவது சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஏன் வர விரும்புகிறீர்கள் என்று அவளே எழுத வேண்டிய கட்டுரைதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அவள் எழுதித் தந்ததை நான் வாசித்தேன். துளிகள் இருந்தன, காற்று இருந்தது, வளையங்கள் இருந்தன. எழுதியவள் எங்கும் இல்லை. ரிவர்ஸ்டனில் விளக்கு தானாகவே போய்த் தொங்கியது மாதிரி.

"நீ போக ஆசைப்படுறாய் எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே" என்றேன்.

"அதத்தான் கேக்குறாங்களா?"

"எண்டுதான் நினைக்கிறன்."

"ஆசைப்படுறேன்னு எழுதினா... ஒரு மாதிரி இல்ல? கேவலமா இருக்காது?"

அந்த மேசையில் ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போது திரைச்சீலை விலகி ஒரு தலை உள்ளே வந்தது. அடுத்த வீட்டுப் புஷ்பவதி அக்கா.

"என்னா சுதா, எந்நேரமும் கம்பியூட்டரு? வாகினியும் வந்து குந்திக்கிட்டு இருக்கு. வெளிநாடு கிளிநாடு போறியோ?"

"சேச்சே, யாரு சொன்னா? அதெல்லாம் யாருக்கு வேணும். பிள்ளைகளுக்கு டியூட் அடிக்கிறேன்க்கா. சும்மா."

புஷ்பவதி அக்காவின் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை, சிரிப்புக்கூட இருந்தது. எனக்கே ஒரு கணம், இவள் டியூஷன் குறிப்புத்தான் அடிக்கிறாளோ என்று தோன்றியது.

மூன்று இடங்களுக்கு டிசம்பரில் விண்ணப்பம் போனது. ஜனவரி கடைசியில் ஒரு இடத்திலிருந்து பேராசிரியர் ஒருவர் எழுதினார். பெயர் வெல்டன். மேகத் துளிகளைப் பற்றி ஆராயும் பெண். ரிவர்ஸ்டன் வளைவைப் பற்றி வாசித்ததாகவும், வீடியோவில் பேச விரும்புவதாகவும் எழுதியிருந்தார். அவருக்குக் காலை, எங்களுக்கு விளக்கு வைத்த பின் மாலை.

அன்றைக்கு வீட்டில் நடந்த ஏற்பாடு ஒரு கலியாண வீட்டு ஏற்பாடு. சிக்னல் அந்த அறையில் யன்னலுக்கு வெளியே மட்டும்தான் நன்றாக வரும் என்பதால், நான் கட்டிலில் முழங்காலிட்டு, கம்பியூட்டருக்கு இணைப்புக் கொடுத்த தொலைபேசியை யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுதர்ஷினி சேலை உடுத்தியிருந்தாள். பேச்சு வெளியே கேட்காமல் இருக்க ராசம்மா அன்ரி முன்னறையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். துணி இல்லாமல் ஓட்டினார் என்று பிறகுதான் தெரிந்தது.

"அங்கே நல்ல மழையோ?" என்று கேட்டார் பேராசிரியர் வெல்டன்.

"ஆம்" என்றாள் சுதர்ஷினி.

பேச்சு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரும்புக் கேட் திறந்தது. புஷ்பவதி அக்கா, ஜாக்கெட் வாங்க. அன்ரி மெஷினை நிறுத்தாமலே, "கொக்கி தைக்கல, நாளைக்கு வா" என்று கத்தினார். புஷ்பவதி அக்கா போகாமல் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டது கேட்டது.

உள்ளே சுதர்ஷினி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கைகளால் காற்றில் வளையம் வரைந்துகொண்டிருந்தாள். பேராசிரியர் கேட்க, அவள் சொல்ல, அவர் மடக்க, இவள் ஒரு படத்தைத் திரையில் காட்ட, இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். "ஏன் அப்படிப் பருக்கின்றன?" என்று கேட்டார் அவர். "எனக்குத் தெரியாது" என்றாள். "எங்களுக்கும் தெரியாது!" என்று அவர் சிரித்தார். அப்படி ஒரு சுதர்ஷினியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை வலித்தது. ஆனாலும் தொலைபேசியை அசைக்கவில்லை.

முடிகிற நேரத்தில் அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "ஒன்று வெளிப்படையாகக் கேட்கிறேன். என்னுடைய குழுவில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அதைத் தந்தால் நீங்கள் வருவீர்களா? இங்கே வரத்தான் உங்களுக்கு ஆசையா?"

சுதர்ஷினியின் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும். அன்றைக்குத் திரைச்சீலை விலகியபோது பார்த்த அதே முகம், அதே சின்னச் சிரிப்பு.

"இன்னும் ஒன்றும் தீர்மானிக்கவில்லை" என்றாள் நல்ல ஆங்கிலத்தில். "சும்மா போட்டுப் பார்த்தேன்."

பேராசிரியர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "புரிகிறது. நேரத்துக்கு நன்றி" என்றார். திரை அணைந்தது. அன்ரியின் மெஷின் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது.

"புஷ்பவதி அக்கா கேட்டுப்போடுவா எண்டு பயந்திட்டியா?" என்று கேட்டேன்.

"அவங்க அப்பவே போயிட்டாங்கக்கா. கேட் சத்தம் கேட்டுச்சே."

ஆமாம், எனக்கும் கேட்டது. கேள்விக்கு முன்னாலேயே கேட்டது.

"பிறகேன் அப்பிடிச் சொன்னாய்?"

"தெரியல. வாய் தானா சொல்லிருச்சி." சேலைத் தலைப்பைச் சுருட்டி விரித்தாள். "அது பிழையாக்கா? அவங்க அத எப்டி எடுப்பாங்க?"

எப்படி எடுப்பார்கள்? நான் போன இடங்களில் மனதில் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்கிறவர்களையும் பார்த்தேன், ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்கிறவர்களையும் பார்த்தேன். இந்தப் பெண் எந்த வகை என்று அரை மணி நேரத்தில் எப்படிச் சொல்வது? தீர்மானிக்காதவளைத் தீர்மானிக்காதவள் என்று மதிப்பார்களா, ஆசை இல்லாதவள் என்று தள்ளுவார்களா? "ஒண்டும் நடக்காது" என்றேன். இந்த இரண்டு சொல்லுக்கும் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

அன்ரிக்கு நாங்கள் சொன்னபோது அவருக்கு மகிழ்ச்சி. "கெட்டிக்காரி. காட்டிக்கல பாரு. அப்டித்தான் இருக்கணும்."

மற்ற இரண்டு இடங்களும் பெப்ரவரியில் இல்லை என்று எழுதின. வெல்டனின் இடத்திலிருந்து மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. உங்களைக் காத்திருப்போர் வரிசையில் வைத்திருக்கிறோம், அந்த வரிசையில் தொடர்ந்து இருக்க விரும்பினால் எழுதுங்கள்.

சுதர்ஷினி அதைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். "இது சிரமதான விருப்பமா, நெஜ விருப்பமா?"

"எனக்கெண்டா எழுதுறது நல்லம் போல கிடக்கு."

"எழுதக் கூடாது" என்றார் அன்ரி, வாயில் குண்டூசிகளோடு. "தேடி வந்தவங்கதானே? வர்றதுன்னா தானா வரும். நாமளா போய் பல்லக் காட்டிக்கிட்டு நின்னா கண்ணு பட்டு உள்ளதும் போயிரும்."

அவள் எழுதவில்லை. டியூஷனுக்குப் போனாள், வந்தாள். கடிதத்தை மூடினாள், திறந்தாள். எனக்கு அவளைப் புரியவில்லை. அப்படிச் சிரித்துப் பேசியவள், அந்த மனுஷிக்கு ஒரு வரி எழுத ஏன் மூன்று வாரம் யோசிக்கிறாள்? ஒருவேளை அவளுக்கு உண்மையிலேயே போக மனமில்லையோ? கேட்டேன். "அதுவும் தெரியலக்கா" என்றாள். "இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, உள்ளுக்குள்ள என்னா இருக்குன்னு எனக்கே தெரியல."

ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் மத்தியானம் இருவரும் மாத்தளை பஸ் நிலையத்தில் மழையில் மாட்டிக்கொண்டோம். கஜேந்திரன் அங்கேதான் ஆட்டோ வைத்திருக்கிறான். "ஏறுங்க ரெண்டு பேரும், மழை விட்டதும் போவோம்" என்று உள்ளே உட்கார வைத்துப் பக்கச் சீலையை இறக்கிவிட்டான். முன்னாலிருந்து திரும்பி, தங்கையைப் பார்த்தான்.

"என்னாச்சி ஒன் அமெரிக்கா?"

சுதர்ஷினி என் பக்கம் பார்த்தாள். பிறகு வழக்கமான முகம் வந்தது. "எந்த அமெரிக்கா? யாரு சொன்னா? சும்மா..."

"ஏய், எங்கிட்டயே ஓட்டுறியா? ஒரே வீட்டுலதானே இருக்கேன். தூக்கத்துல இங்கிலீசு பேசுற. அம்மா துணியில்லாம மெஷின் ஓட்டுறாங்க. நான் என்னா மடையனா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வெல்டன் கேட்டதும், தான் சொன்னதும், எழுதாமல் இருப்பதும். கஜேந்திரன் தலையில் கை வைத்தான்.

"சும்மா போட்டுப் பாத்தேன்னா சொன்ன?"

"ம்."

"லூசாடி நீ? அந்த மனுசி ஒனக்கு எடம் குடுக்கத்தானே கேக்குது. அது என்னா புஷ்பவதி அக்காவா?"

"அம்மா சொல்றாங்க, வெளிய சொன்னா ஒனக்கு ஆன மாதிரி..."

"எனக்கு என்னா ஆச்சி? ஏஜென்சிக்காரன் ஓடினான். நான் ஊமையா இருந்திருந்தாலும் அவன் ஓடித்தான் இருப்பான்." கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினான். "சரி, நீ சொல்லிட்டுப் போகலன்னு வையி. என்னா நடக்கும்? ஒரு வருஷம் அமெரிக்கான்னு கூப்புடுவாங்க. என்னய ருமேனியான்னு கூப்புட்டாங்க. செத்தா போயிட்டேன்? ஹையர் கூடினதுதான் மிச்சம். ருமேனியாவோட ஆட்டோ எதுன்னு கேட்டு வந்தானுங்க."

வெளியே நாவுல போகும் பஸ்ஸின் கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். சுதர்ஷினி தொலைபேசியை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள். "அன்னைக்கு ஏன் அப்டிச் சொன்னேன்னு எழுதணுமே. பேனர், கண்ணு, புஷ்பவதி அக்கா... இதெல்லாம் இங்கிலீசுல எப்டிக்கா எழுதுறது?"

"அதெல்லாம் எழுதாத" என்றான் கஜேந்திரன். "பைத்தியம்னு நெனைச்சிருவாங்க. வரணும்னு ஆசைன்னு எழுது. முடிஞ்சிச்சி."

அவள் எழுதியது மிகச் சிறிய கடிதம். நான் வர விரும்புகிறேன். மிகவும் விரும்புகிறேன். அன்றைக்கு நீங்கள் கேட்டபோதும் அதுதான் என் பதில், அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அனுப்பிவிட்டுத் தொலைபேசியை ஏதோ சூடானதைப் போல என் மடியில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவள் திரைக்குப் பின்னால் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். தன் குழுவின் இடம் போன வாரம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தார் வெல்டன். உங்களுக்கு வேறு திட்டம் இருப்பதாக நினைத்தேன். முன்பே தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். அடுத்த வருடம் இன்னொரு இடம் திறக்கும். அதற்கு விண்ணப்பியுங்கள். அதுவரை அந்த வளைவைப் படம் பிடிப்பதை நிறுத்தாதீர்கள், படங்களை எனக்கு அனுப்புங்கள். முடிவில் ஒரு வரி: இந்த முறை எனக்குச் சந்தேகம் இருக்காது.

போன வாரம். அவளுக்கு அது நன்றாக விளங்கியது. எழுதாமல் இருந்த மூன்று வாரத்தில் இரண்டாவது வாரத்தில் எழுதியிருந்தாலும் போதும். அவள் அழவில்லை. கோபப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. முன்னறையில் புதுவருடத்துக்கு உடுப்புத் தைக்க வந்த கூட்டத்தின் இரைச்சல். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

சட்டைகளுக்கு நடுவே புஷ்பவதி அக்கா, ஹமீமா, இன்னும் நாலைந்து பேர்.

"என்னா சுதா, மொகம் ஒரு மாதிரி? வெளிநாட்டு வேல ஒண்ணு பாக்குறியாமே, கேள்விப்பட்டேன்" என்றார் புஷ்பவதி அக்கா.

அன்ரியின் கால் மெஷினில் நின்றது. நான் திரைக்குப் பின்னாலிருந்து வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன். சேச்சே, யாரு சொன்னா.

"வேல இல்லக்கா, படிப்பு" என்றாள் சுதர்ஷினி. "அமெரிக்காவுல பிசிக்ஸ் படிக்கப் போட்டேன். போகணும்னு சரியான ஆச. இந்த வருஷம் கெடைக்கல. அடுத்த வருஷமும் போடுவேன்."

புஷ்பவதி அக்காவின் வாய் திறந்திருந்தது. ஆனால் அடுத்துக் கேட்க அவரிடம் ஒன்றும் இல்லை. தோண்டி எடுக்க வேண்டியது எல்லாம் மேலேயே கிடந்தது.

"அப்டியா..." என்றார் கடைசியில். ஏமாந்த மாதிரி இருந்தது. "சரி சரி. ராசம்மாக்கா, எனக்கு கை கொஞ்சம் எறக்கி வைங்க. போன தடவ ஏறிருச்சி."

ஹமீமாதான் தன் அண்ணன் மகனைச் சொல்லி, "எங்கட நானாட மகனும் மூணாவது தரம் போட்டுத்தான் போனான் மகள். நான் துஆ கேக்குறேன்" என்றார்.

அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்தியில் ஒருவன், "அமெரிக்கா அக்கா, எப்ப பிளைட்?" என்றான். "அடுத்த வருஷம் கேளு" என்றாள் அவள். எனக்கு அவள் சோகமாக இருக்கிறாளா, இலேசாக இருக்கிறாளா என்று பிடிபடவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அன்ரி என்னையும் உள்ளே கூப்பிட்டார். மகளை உட்கார வைத்து, கைப்பிடி உப்பும் காய்ந்த செத்தல் மிளகாயும் எடுத்து மூன்று தடவை தலையைச் சுற்றினார். ஒழுங்கையில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி, என் வீட்டையும் சேர்த்துத்தான், பின்னால் விறகடுப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பது கணக்கு. இத்தனை பேருக்குத் தெரிந்த நாளில் நெடி வர வழியே இல்லை.

நெடி வந்தது. சுதர்ஷினி இருமினாள், நான் இருமினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெளியே கேட்டைத் திறந்துகொண்டு வந்த கஜேந்திரன் இருமிக்கொண்டே, "யாரு வீட்டயே தாளிக்கிறது?" என்று கத்தினான்.

"நெடி வருதே" என்றார் அன்ரி. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பையே பார்த்தார்.

"வந்தா நல்லதுதானேம்மா? கண்ணு இல்லன்னுதானே?" சுதர்ஷினிக்கு இருமலோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"நல்லதுதான்... ஆனா இத்தன பேருக்குச் சொல்லியும்..." அவருக்கு மேலே சொல்லத் தெரியவில்லை. பிறகு, எங்கோ பிழை விட்டிருப்போம் என்பதுபோல, இன்னொரு பிடி மிளகாயை எடுத்து, மறுபடி முதல் வீட்டிலிருந்து பெயர் சொல்லத் தொடங்கினார்.